செடிக்குப் போக வேண்டிய தண்ணீர்

எங்கள் மருத்துவமனைச் சமையல்கூடத்துக்குத் தராசக்காதான் பொறுப்பு. என்னைவிட நாலு வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான். கையில் தராசு வைத்திருப்பவரைத் தங்கச்சி என்று கூப்பிடும் துணிச்சல் எனக்கு இல்லை. நான் அங்கே சூப் போடுகிறவன். பெரிய பதவி ஒன்றும் கிடையாது. நாலு அடுப்பு, ஆறு அண்டா, கூடவே என் மூட்டுவலி. அக்காவைப் பற்றி நிறையப் பேர் நல்லவிதமாகச் சொல்வார்கள். சொல்லட்டும். அவர் என் உயிரை வாங்கியதும், ஒரு நாள் அவரைத் தனியாக மாட்டவிட்டு நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றதும் எனக்குத்தான் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாத்திரம் கழுவ வந்தவர். அப்போதெல்லாம் வார்டுகளிலிருந்து திரும்பும் தட்டுகளில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். மூன்று பெரிய பீப்பாய் நிறையும், குப்பை வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். உடம்பு சரியில்லாதவன் எப்படிச் சாப்பிடுவான் என்று எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். அக்காவுக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் ஸ்டோரிலிருந்து எடைத்தராசை இழுத்து வந்து, பீப்பாய்களை ஏற்றி நிறுத்து, கழுவுகிற இடத்துச் சுவரில் கரித்துண்டால் எழுதினார்: நூற்றுப் பதினெட்டு கிலோ. மறுநாளும் எழுதினார். ஒரு வாரம் விடாமல் எழுதினார். சுவரை நாசம் பண்ணியது யார் என்று கேட்க வந்த கண்காணிப்பாளர், எண்களைப் பார்த்ததும் வந்த வேலையை மறந்து அப்படியே நின்றார். அந்த மாசமே சமையல்கூடத்தை அக்கா பொறுப்பில் விட்டார்.

அன்றைக்குப் பிடித்தது எங்களுக்குச் சனி. இரவுச் சாப்பாட்டை ஐந்து மணிக்கே கொண்டுபோய் நீட்டினால் யாருக்குப் பசிக்கும் என்று கேட்டு, ஏழு மணிக்கு மாற்ற வைத்தார். சோறு போடும்போது பெரிய கரண்டியா சின்னக் கரண்டியா என்று ஒவ்வொரு படுக்கையிலும் கேட்க வைத்தார். பாட்டில் பழரசத்தையும் கிரீம் பிஸ்கட்டையும் நிறுத்திப் பழம் வாங்க வைத்தார். தூக்கிப்போடும் பிளாஸ்டிக் கப் போய் எவர்சில்வர் டம்ளர் வந்தது. துணி வெளுக்கிற கட்டடத்துக்குப் பின்னால் உடைந்த கட்டில்கள் குவிந்து கிடந்த இடத்தைக் காலி பண்ணி, கீரையும் கொடிக்காயும் போட்டார். காய்த்தோல் எல்லாம் குழிக்குப் போய், எருவாகித் தோட்டத்துக்குத் திரும்பியது. நூற்றுப் பதினெட்டு முப்பத்தொன்றுக்கு இறங்கியது. ‘வாங்கியதை மிச்சம் வைக்காதீர்கள்’ என்று வார்டுக்கு வார்டு பலகை மாட்டினார். அக்காவின் வீட்டுக்காரர் மின்வேலை செய்கிறவர், தமாஷான மனுஷன். ஒரு தடவை என்னிடம் சொன்னார்: “உங்களுக்காவது எட்டு மணி நேரம், மாஸ்டர். எங்க வீட்ல கடிக்கிற கொசுவே மிச்சம் வைக்காம குடிச்சாத்தான் போக முடியும்.”

தண்ணீரையும் அக்கா விட்டுவைக்கவில்லை. இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்குக் காய்கறியில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது. நமக்கு நல்லது செய்கிற அதே சத்து, அவர்கள் ரத்தத்தில் தேங்கி இதயத்தையே நிறுத்திவிடும். அதனால் மூன்றாம் மாடி சிறுநீரக வார்டுக்கு மட்டும் காயைச் சின்னதாக நறுக்கி, ஊறவைத்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும். கெட்டதில் பெரும்பகுதி தண்ணீரோடு போய்விடும். மற்ற சமையல்கூடங்களில் அது சாக்கடைக்குப் போகும். அக்கா அதையும் ஆறவைத்துச் செடிக்கு ஊற்றச் சொன்னார். அதற்கென்று ஒரு சிவப்பு வாளி. தோட்டக்காரரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது. நாலு வருஷம் ஒரு பிசகும் இல்லாமல் நடந்தது.

சம்பவம் நடந்த அன்று காலையில் ஊரே தலைகீழாக இருந்தது. சுற்றுச்சூழலுக்குக் கேடு செய்யாத மருத்துவமனை என்று சான்று கொடுக்கிற இருவர் பார்வையிட வந்திருந்தார்கள். தோட்டக்காரர் விடிந்ததிலிருந்து பாத்திகளைச் சீவிச் சிங்காரித்துக்கொண்டிருந்தார். சிவப்பு வாளி அங்கேயே நின்றுவிட்டது.

பத்தரை மணிக்கு அக்கா சிறுநீரக வார்டுக் காயை வடிக்கப் போனார். வாளி இல்லை. சாக்கடையில் கொட்டியிருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். அக்காவுக்குக் கை வரவில்லை. சான்று கொடுக்கிறவர்கள் வாசலில் நிற்கும்போது எட்டு லிட்டர் தண்ணீரைச் சாக்கடையில் விடுவதா? ரெண்டே நிமிஷம் என்று ஒரு மூடிபோட்ட பாத்திரத்தில் வடித்து, என் அடுப்பின் ஓரத்தில் வைத்தார். அதற்குள் கண்காணிப்பாளர் கூப்பிட்டார். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினார்.

நான் அப்போது ஸ்டோரில் இருந்தேன். திரும்பி வந்தால் நேரமாகிவிட்டது. என் அடுப்போரத்தில் மூடிய பாத்திரம், உள்ளே சுடுதண்ணீர். வேலை நெருக்குகிற நாளில் அக்கா எனக்காக வெந்நீர் போட்டு வைப்பது வழக்கம். மகராசி, இத்தனை அமளியிலும் மறக்கவில்லை என்று நினைத்தேன். ஆவியில் என் கண்ணாடி மங்கியிருந்தது. எடுத்து ஊற்றி, சிறுநீரக வார்டுச் சூப்பைக் கலந்தேன். பதினொன்று அடிக்கும்போது டிராலி லிஃப்டில் ஏறிப் போய்விட்டது.

பத்து நிமிஷம் கழித்து அக்கா வந்தார். நேராக அடுப்புக்குப் போனார், காலிப் பாத்திரத்தைத் தூக்கிப் பார்த்தார்.

“மாஸ்டர், இதுல இருந்த தண்ணி எங்க?”

“சூப்புக்கு ஊத்திட்டேன்க்கா.”

“எந்த சூப்புக்கு?”

“கிட்னி வார்டுக்கு. நீங்க வச்ச வெந்நீர்தானே?”

அக்கா பாத்திரத்தை அடுப்பிலேயே வைத்துவிட்டார். “அது காய் வடிச்ச தண்ணி, மாஸ்டர்” என்றார். “நீங்க வாயில வச்சுப் பாக்கலையா?”

“உப்பே போடாததுல என்னத்தக்கா பாக்கறது?”

நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் வாசலைத் தாண்டிவிட்டார். லிஃப்டுக்கு நிற்காமல் படியில் ஏறிக்கொண்டிருந்தார். நானும் பின்னால் ஏறினேன். மூட்டு வலித்ததா என்று இப்போது கேட்டால் எனக்கு ஞாபகம் இல்லை. ஊற்றியது நான், ஊற்றியது நான் என்று மனசு அடித்துக்கொண்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

வார்டில் இருபத்திரண்டு படுக்கை. எல்லோருக்கும் கொடுத்து முடித்து, டிராலி கடைசிச் சுவரோரம் நின்றுகொண்டிருந்தது. அக்கா கத்தவில்லை. கத்தினால் நோயாளிகள் பயந்துவிடுவார்கள் என்று அந்த நேரத்திலும் அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒவ்வொரு படுக்கையாகப் போய், “இது வேண்டாம், கீழ வைங்க, வேற கொண்டு வரேன்” என்று கிண்ணங்களை வாங்கினார். நல்லவேளை, சூப் கொதிக்கக் கொதிக்கப் போயிருந்தது. பெரும்பாலானவர்கள் ஆறட்டும் என்று வைத்திருந்தார்கள். நாலைந்து பேர் ஒரு வாய் இரண்டு வாய் குடித்திருந்தார்கள். வாங்கிய கிண்ணங்களை அக்கா டிராலியில் வரிசையாக வைத்து, குனிந்து ஒவ்வொன்றிலும் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தார்.

இருபது இருந்தது. இரண்டைக் காணோம்.

பதினொன்றாம் படுக்கையில் ஒரு பெரியவர். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவராம். பக்கத்தில் அவர் மனைவி. அலமாரி மேல் இரண்டு கிண்ணங்களும் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக.

“ரெண்டையும் யார் குடிச்சது?” என்று அக்கா கேட்டார்.

“இவர்தான். சூடா இருந்துச்சு, நான் ஆத்தி ஆத்திக் குடுத்தேன்” என்றார் அந்த அம்மா. “பக்கத்துப் படுக்கைக்காரர ஸ்கேன் எடுக்கக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. அவரோடது சும்மா இருந்துச்சு. இன்னும் இருக்கான்னு இவர் கேட்டாரு. நீங்கதானே மிச்சம் வைக்கக் கூடாதுன்னு எழுதி மாட்டியிருக்கீங்க?”

அவர் கை காட்டிய சுவரில் அக்காவின் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா அந்தப் பக்கம் திரும்பவில்லை. செவிலியரைக் கூப்பிட்டார்.

“சிஸ்டர், இவருக்கு டயாலிசிஸ் எப்ப?”

“நேத்தே பண்ணியிருக்கணும். ஒரு மெஷின் ரிப்பேர். இன்னிக்கு மூணு மணிக்குப் போட்டிருக்கோம். ஏன்?”

“டாக்டரைக் கூப்பிடுங்க. இப்பவே.”

டாக்டர் சின்ன வயதுப் பெண். வந்ததும் விஷயத்தைக் கேட்டார். திட்டி நேரத்தை வீணாக்கவில்லை. “என்ன காய், எவ்வளவு தண்ணி, ஏதாவது தெரியுமா?” என்று மட்டும் கேட்டார். நாங்களெல்லாம் ‘ஒரு அண்டா இருக்கும்’ என்று சொல்கிற ஜாதி. அக்கா சொன்னார்: “உருளைக்கிழங்கு நாலு கிலோ. கேரட் ரெண்டு. கீரைத்தண்டு ரெண்டு. பன்னெண்டு லிட்டர் ஊத்தினேன், வடிக்கும்போது எட்டு இருந்துச்சு. ஒரு கிண்ணம் இருநூறு மில்லி. இவர் ரெண்டு குடிச்சிருக்கார்.”

டாக்டர் உள்ளங்கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டார். மற்றவர்களுக்குப் பயமில்லை, கவனித்துக்கொண்டால் போதும் என்றார். பதினொன்றாம் படுக்கைக்கு வந்தபோது குரல் மாறியது. காலையில் எடுத்த ரத்தத்திலேயே அவருக்குப் பொட்டாசியம் அளவு மீறித்தான் இருந்ததாம். நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். திரையில் கோடு ஓட ஆரம்பித்தது. எனக்கு அதில் ஒன்றும் புரியாது. டாக்டர் புருவத்தைச் சுருக்கியது புரிந்தது.

“மெஷின் எப்ப காலியாகும்?”

“மூணும் ஓடுது டாக்டர். முதல்ல முடியறதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் ஆகும்.”

ஊசி போட்டார்கள். இன்னொரு ஊசி போட்டார்கள். இருபத்தைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பெரியவர் கண்ணை மூடியிருந்தார். கை கால் மரத்துப்போகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு தடவை முனகினார். அவர் மனைவிக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. “என் கையால குடுத்தேனே, என் கையால குடுத்தேனே” என்று தலையில் அடித்துக்கொண்டார். அக்கா அவர் கையைப் பிடித்தார். அந்த அம்மா உதறினார். அக்கா மறுபடி பிடித்தார். இரண்டாவது தடவை அவர் உதறவில்லை, ஆனால் அக்காவின் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் வார்டுக் கதவு திறந்தது. கண்காணிப்பாளர், பின்னாலேயே சான்று கொடுக்கிற இருவர். மூன்று பேர் முகத்திலும் நல்ல சிரிப்பு. தோட்டத்தைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

“இவங்கதான் நான் சொன்ன அக்கா” என்றார் கண்காணிப்பாளர். “எங்க சமையல்கூடத்துல ஒரு சொட்டுத் தண்ணிகூட வீணாகாது.”

அப்புறம்தான் படுக்கையைச் சுற்றி நின்ற கூட்டத்தைக் கவனித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கண்ணாலேயே அக்காவிடம் ‘அப்புறம் பேசிக்கலாம்’ என்று சொன்னார். எனக்கே அது விளங்கியது. அக்காவுக்கு விளங்காமல் இருக்காது.

“தப்பு நடந்துபோச்சு சார்” என்றார் அக்கா. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “செடிக்குப் போக வேண்டிய தண்ணி சூப்புல கலந்து மேல வந்துடுச்சு. இவர் குடிச்சுட்டார். உயிருக்கு ஆபத்தா இருக்கு.”

“எப்படிக் கலக்கும்? யார் ஊத்தினது?”

நான் கதவோரம் நின்றிருந்தேன். நாலு எட்டுத் தூரம்தான். வாயைத் திறந்து ‘நான்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். எனக்கு ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்தது. அந்த இரண்டு வருஷத்தை எண்ணிக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றேன். கோழை என்று யாராவது திட்டினால் இன்றைக்கும் நான் மறுத்துப் பேச மாட்டேன்.

“சாக்கடைல கொட்டியிருக்கணும் சார். கொட்ட மனசு வராம அடுப்போரத்துல வச்சது நான்” என்றார் அக்கா. என் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

கண்காணிப்பாளர் பல்லைக் கடித்தார். “தோட்டத்துக்குத் தண்ணி, குழிக்குத் தோலு, எல்லாத்தையும் நாளைல இருந்து நிறுத்துங்க. விசாரிச்சுட்டுச் சொல்றேன்” என்றார். வந்தவர்களில் ஒருவர் ஏதோ எழுதிக்கொண்டார். மற்றவர் அந்த அம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார். பதினோரு வருஷத்து வேலை, அவர்கள் நடைபாதையில் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அக்கா போகிறவர்களைப் பார்க்கக்கூட இல்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மெஷின் காலியானது. பெரியவரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாலு மணி நேரம். அந்த நாலு மணி நேரமும் அக்கா கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றார். மதியச் சாப்பாட்டை நானே பார்த்து அனுப்பினேன். நடுநடுவே மேலே ஓடி வந்து, அவர் நிற்பதைப் பார்த்துவிட்டு, பேச முகமில்லாமல் இறங்கிப் போனேன். நாலே காலுக்கு டாக்டர் வெளியே வந்து, “தப்பிச்சுட்டார்” என்றார். அக்கா சுவரில் சாய்ந்து அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். தேம்பித் தேம்பி, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

ஆறு மணிக்குப் பெரியவரைப் படுக்கைக்குக் கொண்டு வந்தார்கள். மன்னிப்புக் கேட்க அக்கா போனார். அவரைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் போனேன். அந்த அம்மா எங்களைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதில் தப்பே இல்லை.

“என்னை மன்னிச்சுடுங்கண்ணே” என்றார் அக்கா.

பெரியவர் கண்ணைத் திறந்து அக்காவைப் பார்த்தார். பிறகு, “அந்த சூப் நாளைக்கும் வருமாம்மா?” என்றார்.

அந்த அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். அக்கா படுக்கையை ஒட்டிக் குனிந்தார். “அது உங்களுக்கு ஆகாதுண்ணே. அதுதான் உங்களை...”

“ஆகாதுன்னு தெரியும். ரெண்டு வருஷமா ஆகாததோட லிஸ்ட்டுதான் எல்லாரும் படிக்கறாங்க. ஆகறதை இதுவரைக்கும் ஒருத்தராவது வாய்க்கு விளங்கற மாதிரி செஞ்சு குடுத்திருக்கீங்களா?” அவர் கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார். “இன்னிக்குத்தான்மா எதையோ சாப்பிட்ட மாதிரி இருந்துச்சு. அதான் இன்னொண்ணும் கேட்டேன்.”

அக்கா வேகமாகப் படி இறங்கினார். நானும் பின்னாலேயே போனேன். கீழே இரவுக்கான சூப் அடுப்பில் இருந்தது, சிறுநீரக வார்டுக்கு நான் எப்போதும் போடுகிற அதே சூப், முறைப்படி வடித்த காய், சுத்தமான தண்ணீர். அக்கா ஒரு கிண்ணத்தில் ஊற்றி, நின்றபடியே ஒரு வாய் குடித்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“இதையா மாஸ்டர் இத்தனை வருஷமாக் குடுத்துட்டு இருந்தோம்?”

“ஆமாக்கா” என்றேன். அப்புறம் எப்படியோ துணிச்சல் வந்தது. “அக்கா, அந்தத் தண்ணிய ஊத்தினது நான்னு காலைல மேல போய்ச் சொல்லிடறேன்.”

“சொல்லுங்க” என்றார். கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். “முதல்ல இதைக் குடிங்க.”

முப்பது வருஷம் சூப் போட்ட கை, அன்றைக்குத்தான் அதை வாங்கி வாய்க்குக் கொண்டுபோனது. ஒரு வாய் குடித்தேன். இரண்டாவது வாய் இறங்கவில்லை.